பழைய வில்லில் இருபத்தொரு நிமிஷம்

காக்காமலைத் தோட்டத்துப் பெரிய துரையின் மோட்டாருக்குச் சீமையிலிருந்து புது வில்லுகள் வந்தன. அப்புத்தளை ஸ்டேசனில் பெட்டியை இறக்க நான்கு பேர் முக்கினார்கள். சக்கரத்துக்கு மேல் வளைந்து கிடந்து வண்டியைத் தாங்குகிற பழைய வில்லில் ஐந்து பட்டை. புதியதில் ஒன்பது. அதோடு சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்புக் கைகளும் வந்திருந்தன. கைகளின் மூட்டில் மரத் தட்டு வைத்து முறுக்கியிருந்தது. வண்டி குதித்தால் தட்டுகள் உரசிக் குதிப்பை அடக்கிவிடும் என்றும், இனி ரோடு வளைகிற முடக்குகளில் வண்டி சாயவே சாயாது என்றும் துரை படம் போட்ட புத்தகத்தைக் காட்டி டிரைவர் வீரய்யாவுக்கு விளக்கினார். வீரய்யா எல்லாவற்றுக்கும் ஆமாங்க தொரை என்றான்.

தோட்டத்தில் ஆமாங்க என்பது பதில் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் துரையைக் கண்டதும் தலைத்துணியை அவிழ்க்கிறார்களே, அதைப் போன்றது. துரைக்குத் தமிழ் தெரியும். தெரிந்த தமிழெல்லாம் ஏவல். அதை விட்டால் 'இல்லையா' என்று முடிகிற கேள்வி. மழை வரும், இல்லையா. கொழுந்து நல்லது, இல்லையா. அதற்கு ஆமாங்க சொல்லாத வாய் அந்த மலையில் கிடையாது. சொல்லிவிட்டுப் போய் அவரவர் தமக்குத் தெரிந்தபடி வேலையைச் செய்வார்கள். துரையும் அதைக் கண்டுகொள்வதில்லை.

வீரய்யா மூன்று வருஷத்துக்கு முன்பு வரை மாட்டு வண்டி ஓட்டியவன். கீழே பெரகலைச் சந்திக் கடைகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வருவான். தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேசனில் கொண்டுபோய் இறக்குவான். அந்த ரோட்டில் இருபத்தேழு முடக்கு என்பது அவன் எண்ணி வைத்திருந்தது. எதில் பாசி பிடிக்கும், எதில் ஊற்று கசியும், எதில் மலைப்பக்கம் ஒதுங்கினால் சல்லிக்கல் உருளும் என்பதெல்லாம் மாட்டின் குளம்பு சறுக்கிச் சறுக்கி அவனுக்குத் தெரிந்தது. முந்தைய டிரைவர் குடித்துவிட்டு மோட்டாரை வாழைக்குள் விட்டபோது, வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று துரை இவனை ஏற்றினார். வேறு ஆள் தேட வேண்டிய தேவை வரவில்லை.

வில்லு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில். அடுத்த வருஷம் ரயில் பதுளைக்கே வந்துவிடும் என்று பேச்சு. பதுளையில் துணிக்கடை வைத்திருந்த இப்றாஹீம் முதலாளி, ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிப்போக ஒரு மோட்டார் வாங்குவதாக இருந்தார். தோட்டம் தோட்டமாகத் துணி கொண்டுவருகிறவர்; வீரய்யா ஓட்டுவதை ஒன்றிரண்டு தடவை பார்த்திருந்தார். ஒருநாள் அவனை நிறுத்திச் சொன்னார்:

"ஒங்கட தொரைட கையால ரெண்டு வரி வாங்கிட்டு வாங்க. ஓட்டத் தெரிஞ்ச ஆள் எண்டு அவர் எழுதினா எனக்குப் போதும். கடைக்குப் பின்னால ரெண்டு அறை ஈக்கி. குடும்பத்தோட இருக்கலாம்."

அந்த இரண்டு அறையைக் கேட்டதிலிருந்து வீரய்யாவின் மனைவி இராக்கம்மாவுக்கு வேறு நினைப்பில்லை. அவள் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை நாற்பது நாள். இரண்டாவது பதினொரு மாசம். இரண்டும் ஆடி மாசத்துப் பனிமூட்டத்தில், லயத்து ஒற்றை அறைக் காம்பராவின் ஈரத்தில், நெஞ்சுச் சளி கட்டிப் போனவை. இதுவும் ஆடியில்தான் பிறக்கும். பதுளையில் பனி கிடையாது, வெயில் அடிக்கும், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று கொழுந்து மலையில் தன் நிரையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை பதுளையில் பிறக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வில்லு வந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் துரைமாருக்குள் வாக்குவாதம் நடந்ததாகக் கிளப்பில் மேசை துடைக்கிறவன் வந்து சொன்னான். பூனாகலைப் பக்கத்துத் துரை ஒருவர், வில்லா முடக்குத் திரும்புகிறது, ஆள்தானே திருப்புகிறான் என்றாராம். உன் ஆள் கெட்டிக்காரன், அவன் கைக்கு எந்த வில்லும் ஒன்றுதான் என்றாராம். பெரிய துரைக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கை ஏது என்று கேட்டிருக்கிறார். பந்தயம் வந்துவிட்டது. ஒரு பெட்டி விஸ்கி. அதே வண்டி, அதே ஆள், அதே ரோடு. வருகிற ஞாயிறு பழைய வில்லோடு பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏற வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு புது வில்லோடு. கீழே ஒரு கடிகாரம், மேலே ஒரு கடிகாரம். வண்டிக்குள் வீரய்யாவைத் தவிர யாரும் இருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் இராக்கம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தபடி கேட்டாள்.

"பழைய வில்லுல எவ்வளவு நேரத்துல ஏறுவீங்க?"

"ரோடு காஞ்சிருந்தா பதினேழு நிமிசம்."

"புதுசுல?"

"புதுசு இந்த ரோட்டுக்கு ஆவாது, புள்ள. பட்டை கூடிப்போச்சு. பழசு முடக்குல ஒரு பக்கம் சாயும். சாஞ்சா, இதுக்கு மேல வேகம் வேணாம்னு வண்டி சொல்லுதுன்னு அர்த்தம். இது சாயாது. வெறப்பா நிக்கும். நின்னுக்கிட்டே இருந்து சொல்லாம கொள்ளாம வழுக்கிரும்."

"இத தொரைகிட்ட சொன்னீங்களா?"

"ஆமாங்கன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். பிறந்த வீட்டில் ஆறு பேருக்கு மூத்தவள். எதையும் இரண்டு அடி முன்னால் போய்ப் பார்க்கிற பழக்கம்.

"அப்ப புது வில்லு தோத்துப் போவும்."

"தோக்கும்."

"சீமையிலேருந்து வரவச்ச சாமான் தோத்து, எல்லாத் தொரைமாரும் பாத்துச் சிரிச்சு, பந்தயத்துல விஸ்கியும் போன தொரைகிட்ட மறுநாளு போயி கடுதாசி தாங்கன்னு நிப்பீங்களா?"

வீரய்யா தலைத்துணியை அவிழ்த்து உதறினான்.

"மொத நாளு மெதுவா ஏறுங்க. ரெண்டாம் நாளு நல்லா ஏறுங்க. அவரு மனசு குளுந்திருக்கறப்ப கேளுங்க."

"வேணும்னு மெதுவா ஓட்டச் சொல்றியா?"

"ஏன், தெரியாதா? மாட்டு வண்டிதானே ஓட்டினீங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. பூனாகலைத் துரை சொன்னதை மேசை துடைக்கிறவன் வாயால் கேட்டதிலிருந்து அவன் இரண்டு மூன்று தடவை தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் ஒரு வெள்ளைக்காரன் அவனைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் துரையைப் பொய்யாக்க வேண்டுமா என்று கேட்டான்.

"அந்தத் தொரையா கடுதாசி குடுக்கப் போறாரு? ஒங்க சாமர்த்தியத்த ஒலையில போட்டா கஞ்சியாவுமா? சொல்லுங்க."

அவன் கைகழுவ எழுந்தான்.

முதல் ஞாயிறு வெயில் அடித்தது. ரோடு காய்ந்து கிடந்தது. பதினேழிலேயே ஏறக்கூடிய நாள். வீரய்யா ஒவ்வொரு முடக்குக்குள்ளும் போன பிறகு பிரேக்கை மிதித்தான். அப்படி மிதிப்பது கெட்ட பழக்கம் என்று அவனுக்குத் தெரியும்; முடக்குக்கு முன்னாலேயே வேகத்தை விட்டுவிட்டு, உள்ளே போகும்போது எஞ்சின் இழுத்தபடியே போக வேண்டும். அவன் மாற்றிச் செய்தான். வண்டி கடலில் தோணி போல் ஆடியது. நல்லதங்காள் ஓடை முடக்கில் கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி நின்ற பெண்கள், என்ன வீரய்யாண்ணே, மாட்டைக் காணோமா என்று கேட்டுச் சிரித்தார்கள். இருபத்தொரு நிமிஷம். மேலே நின்ற பூனாகலைத் துரை கடிகாரத்தைப் பார்த்தார், வீரய்யாவைப் பார்த்தார்.

திங்கட்கிழமை கொல்லாசாரியும் வீரய்யாவும் சேர்ந்து புது வில்லைப் பூட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் அவன் ஓட்டிப் பார்த்தான். சமமான ரோட்டில் வண்டி தேர் மாதிரிப் போனது. மலை ரோட்டில் சல்லிக்கு மேல் பின்சக்கரம் தத்தியது. தத்துகிற சக்கரம் தரையைப் பிடிக்காது. துரைக்கு அது தெரியவில்லை. சாயாமல் போகிறது, இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.

சனிக்கிழமை வீரய்யா இராக்கம்மாவிடம் ஒரு சாக்கைத் தைத்துத் தரச் சொன்னான். ஓடை மணலை நனைத்து அதில் நிரப்பிக் கட்டி, வண்டியின் பின்பக்கப் பெட்டிக்குள் யாரும் பார்க்காமல் வைத்தான். வெறும் வண்டி இறக்கத்தில் குதித்தால் வண்டிக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. சக்கரங்களில் காற்றையும் கொஞ்சம் இறக்கினான். இரண்டும் சேர்ந்து அந்தச் சீமை வில்லின் விறைப்பைப் பாதியாவது குறைத்தன. மீதிப் பாதியை அவன் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு விடியற்காலையில் ஒரு தூற்றல் போட்டு ஓய்ந்திருந்தது. வீரய்யா சட்டையின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு ஏறினான். சாய்ந்து சொல்கிற வண்டி இல்லை இப்போது. அதனால் அவன் காதால் ஓட்டினான். சல்லி நொறுங்குகிற சத்தம் மாறினால் சக்கரம் விடப்போகிறது என்று கணக்கு. முடக்குக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தை விட்டான். வெளிப்பக்கம் அகலமாக எடுத்து, கண்ணை முடக்கின் மறுமுனையில் வைத்து, உள்ளே நுழைந்ததும் எஞ்சின் மிதியை அசைக்காமல் பிடித்துக்கொண்டான். முனியாண்டி முடக்கில் ஊற்றுத் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடியது. வண்டி சாயாமல் விறைப்பாகவே இருந்து, அந்த நிலையிலேயே பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. பிரேக்கைத் தொட்டால் தீர்ந்தது. அவன் தொடவில்லை. சக்கரத்தைப் பள்ளத்தை நோக்கியே ஒரு விரற்கடை திருப்பினான், தரை பிடித்தது, திருப்பி எடுத்தான். இதை அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

பதினெட்டு நிமிஷம். பழைய வில்லில் அவன் வெற்றிலை போட்டுக்கொண்டு ஏறுகிற நேரத்தைவிட ஒரு நிமிஷம் அதிகம். ஆனால் போன ஞாயிற்றுக் கடிகாரக் கணக்குக்கு மூன்று நிமிஷம் குறைவு.

அப்புத்தளையில் கிளப்புக்கு முன்னால் நல்ல கூட்டம். துரைமார், துரைசாணிமார், குதிரைக்காரர்கள், கடைக்காரர்கள். இப்றாஹீம் முதலாளியும் நின்றார். மோட்டார் வாங்குகிறவர், வண்டிகளைப் பார்த்துவைக்கலாமென்று வந்திருந்தார். வீரய்யா இறங்கி, மடக்கியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூனாகலைத் துரை அவனுக்கு நேராக வந்தார். அவருடைய தமிழ் கொஞ்சம் மேல்.

"வீரய்யா. யாரு ஏறினது? நீயா, வில்லா?"

அது 'இல்லையா' இல்லாத கேள்வி. அப்படி ஒரு கேள்வி அவனிடம் வந்ததே இல்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் பெரிய துரை பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"வில்லு, இல்லையா?"

"ஆமாங்க தொரை. வில்லுதானுங்க," என்றான் வீரய்யா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வில்லு இருந்தா யாரு ஓட்டினாலும் ஏறுமுங்க."

பெரிய துரை அவன் தோளில் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். கூட்டம் கைதட்டியது. பூனாகலைத் துரை, சரி, விஸ்கி அனுப்பிவைக்கிறேன் என்று இங்கிலீசில் சொல்லிவிட்டுப் போனார். இப்றாஹீம் முதலாளி முன்னால் வந்து, குனிந்து, அந்த ஒன்பது பட்டையையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார்.

திங்கட்கிழமையே வீரய்யா கடுதாசி கேட்டான். இராக்கம்மா சொன்னது சரிதான். துரை மறுவார்த்தை சொல்லவில்லை. பங்களா விறாந்தையில் உட்கார்ந்து அப்போதே எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார். லயத்துக்கு வந்து அவன் உறையை இராக்கம்மாவின் கையில் வைத்தான். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, முகர்ந்து பார்த்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். அந்த வாரம் தகரப் பெட்டியைத் துடைத்து உடுதுணிகளை மடித்தும் வைத்துவிட்டாள். பக்கத்துக் காம்பராக்காரிகளிடம், போனால் வந்து பாருங்கள், துணி வாங்க வருகிற சாக்கில் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளை வரை ரயிலிலும் அங்கிருந்து வண்டியிலுமாக வீரய்யா பதுளைக்குப் போனான். கடையில் கூட்டமில்லை. இப்றாஹீம் முதலாளி அவனை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, பிளேன்டீ வரவழைத்தார். கடுதாசியை இங்கிலீசு படித்த தன் தங்கை மகன் புவாத்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். புவாத் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். வீரய்யா ஒழுக்கமானவன். குடிப்பதில்லை. சொன்ன சொல் கேட்பவன். மோட்டாரைச் சுத்தமாக வைத்திருப்பவன்.

"வேற?"

"அவ்வளவுதான், மாமா."

"ஓட்டுறதப் பத்தி?"

"ஒண்டும் இல்ல."

முதலாளி கடுதாசியைத் திருப்பி உறையில் போட்டார். கோபமில்லாமல், கடைக்கு வந்தவரிடம் சரக்கு முடிந்துபோனதைச் சொல்கிற குரலில் சொன்னார். தான் அந்த வில்லுக்குக் கொழும்பில் எழுதிப் போட்டாகிவிட்டது. புவாத்துக்கு லைசன் கிடைத்துவிட்டது. வில்லு இருந்தால் யார் ஓட்டினாலும் ஏறும் என்றால் வீட்டுப் பிள்ளையே ஓட்டட்டுமே, எதற்கு வெளியாள்?

"மொதலாளி, அது பொய்யிங்க."

"எது?"

வீரய்யா எல்லாவற்றையும் சொன்னான். முதல் நாள் பிரேக்கை மிதித்து மிதித்து ஏறியது, மணல் சாக்கு, காற்று இறக்கியது, முனியாண்டி முடக்கு. புவாத் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். முதலாளி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் அங்கதான் நிண்டேன், வீரய்யா. ஒங்கட வாயால கேட்டேன். யாரு ஓட்டினாலும் ஏறும் எண்டு செல்லச் சொல்லி ஒங்கள யாரும் கேக்கல்ல."

"தொரைகிட்ட வேற எப்படிங்க சொல்றது. நாங்க தோட்டத்துல அப்புடித்தான் சொல்லுவோம். அது ஒரு பேச்சா?"

"எனக்குப் பேச்சுத்தான் யாவாரம். ஒரு மொழத் துணிய ஒரு மொழம் எண்டு செல்லித்தான் வெட்டுறேன். தொரைட மனசுக்காக நீங்க கடிகாரத்த ஏமாத்தினீங்க. நாளைக்கு என்ட மனசுக்காக எத ஏமாத்துவீங்க? பிரேக் நல்லா ஈக்கா எண்டு நான் கேட்டா என்ன செல்லுவீங்க?"

வீரய்யா உறையை எடுத்து மடியில் செருகிக்கொண்டான். அவன் எழுந்து புறப்படும்போது முதலாளி வாசல் வரை வந்தார். பாவம் பார்க்கிறவர்தான். துரையிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னபடிதான் நடந்தது என்று அவர் இரண்டு வரி எழுதினால் நான் புவாத்தைக் கடையில் போட்டுக்கொள்கிறேன். ரெண்டு அறையும் அப்படியே இருக்கிறது என்றார்.

இராக்கம்மா எல்லாவற்றையும் கேட்டாள். மடித்துவைத்த துணிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். அடித்தால் அடி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நீக்குகிற பத்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டினாலும் நல்லதுதான், பதுளைக்குத்தானே போகிறோம்.

அவர்கள் இரண்டு பேரும் அடியைத்தான் எதிர்பார்த்தார்கள்.

துரை விறாந்தையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். வீரய்யா படிக்குக் கீழே நின்று, தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். மொத நாளு வேணும்னே மெதுவா ஓட்டினேனுங்க. பழைய வில்லுலதான் வண்டி நல்லா ஏறுமுங்க. புது வில்லு இந்த ரோட்டுக்கு ஆவாதுங்க.

துரை முழுவதையும் கேட்டார். சுருட்டின் சாம்பலைத் தட்டினார்.

"பதுளை மொதலாளி உனக்குச் சொல்லிக் குடுத்தானா?"

"இல்லைங்க தொரை."

"உனக்குப் பதுளையில வேலை வேணும். வேலைக்கு நல்ல கடுதாசி வேணும். அதுக்குப் பொய் பேசுது. இல்லையா?"

"இல்லைங்க தொரை."

ஒரே மூச்சில் இரண்டு இல்லைங்க. அந்த விறாந்தையில் அவ்வளவு கேட்டதே கிடையாது. அவனுக்கே காது அடைத்தது. பழைய வில்லைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள், இப்போதே பதினேழு நிமிஷத்தில் ஏறிக் காட்டுகிறேன், பூனாகலைத் துரை வந்து பார்க்கட்டும் என்றான்.

துரைக்குச் சிரிப்பு வந்தது. பழைய வில்லு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொல்லாசாரி அதை வெட்டிக் காய்ச்சி அடித்து, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியாக்கி இரண்டு வாரம் ஆகிறது. நல்ல எஃகு, முப்பது கத்தி வந்தது, மேமலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் கையில் இருக்கிறது. போய்க் கேட்டு வாங்கி வா, பூட்டலாம் என்றார்.

பிறகு எழுந்து படியோரம் வந்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"வீரய்யா, நீ நல்ல ஆளு. எல்லாத் தொரைமாருக்கும் முன்னால நீ உண்மை சொன்ன. இப்ப ஆசை வந்து பொய் சொல்லுது. நான் கோவம் இல்லை. ஆனா நான் பொய்க் கடுதாசி எழுத மாட்டேன். போ. நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி கொண்டா."

அவன் போனான். ஆறு மணிக்கு வண்டியும் கொண்டுவந்தான்.

சித்திரைக்குள் இன்னும் மூன்று துரைமார் அதே வில்லுக்கு எழுதிப் போட்டார்கள். வைகாசியில் புதிதாக வந்த சின்னத்துரை, இவ்வளவு நல்ல வில்லு இருக்கையில் நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். பெரிய துரைக்கும் அது நியாயமாகப் பட்டது. வீரய்யாவுக்கு வேலை போகவில்லை. காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, மிச்ச நேரத்துக்குக் கவ்வாத்து மலைக்குப் போ என்று கங்காணி அவன் பெயரை எழுதிக்கொண்டார். சின்னத்துரை முடக்குக்குள் போன பிறகு பிரேக் மிதிக்கிறவர். மலையில் நிற்கிறவர்கள் சல்லி சீறுகிற சத்தத்தைக் கேட்டு வீரய்யாவைப் பார்ப்பார்கள். அவன் நிமிர மாட்டான். பதுளையில் புவாத்தின் வண்டியும் ஓடத் தொடங்கிவிட்டதாகப் பெரகலைக் கடையில் சொன்னார்கள். நன்றாகத்தான் ஓடுகிறதாம். பதுளையைச் சுற்றிலும் அவ்வளவு முடக்கு இல்லையே.

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள் குழந்தை லயத்தில் பிறந்தது. பெண். பிறந்த இருபத்திரண்டாம் நாள் இருமத் தொடங்கியது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்து, சூடாக வைத்துக்கொள் என்று சொல்லி ஒரு போத்தல் தண்ணி மருந்து கொடுத்தார். அப்புத்தளைக் கணவாயில் ஏறுகிற காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே காம்பராவுக்குள் எதிரில் இருக்கிறவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. மழையென்று மலையிலிருந்து ஆட்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீரய்யா ஈரக் கம்பளியை உதறிப் போட்டுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இராக்கம்மா குழந்தையை மார்போடு அணைத்துச் சாக்கால் மூடியிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். பிள்ளை பெற்றதால் மட்டும் வந்த மெலிவு இல்லை அது.

"நாந்தான் பண்ணேன்," என்றாள்.

"என்னத்த?"

"மெதுவா ஏறுங்கன்னு நாந்தானே சொன்னேன். நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. ஆறு மாசமா இதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். இந்தப் புள்ளைக்கும் எதுனாச்சும்னா நாந்தான்."

அவன் அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினான். அவள் இவ்வளவு தூரம் பேசியிராவிட்டால் அவனும் பேசியிருக்க மாட்டான்.

"மெதுவா ஏறத்தான் நீ சொன்ன. யாரு ஓட்டினாலும் ஏறும்னு சொல்லச் சொல்லலையே."

"அத ஏன் சொன்னீங்க?"

"தெரியல."

"பயமா?"

"பயம் இல்ல. தொரை சிரிச்சுக்கிட்டு நின்னாரு. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "கடுதாசி கூட அப்ப நெனப்புல இல்ல," என்றான்.

இராக்கம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"நான் என்னையத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

குழந்தை இருமியது. சின்ன இருமல், வெளியே கேட்காது. அவள் அதைத் தோளில் போட்டு முதுகை நீவிவிட்டு, அதை அணைத்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வெகு நேரம் கழித்து, அவனைப் பாராமலே, கதவைச் சாத்துங்கள், பனி வருகிறது என்றாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் அவன் எழுந்துபோய் அதை இன்னொரு தடவை அழுத்தினான்.